ஹோண்டுராஸுக்கு வீடு கட்டப் போனவர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொரண்டோவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். கல்லூரியில் 18 பேர் சேர்ந்து மத்திய அமெரிக்காவில் இருக்கும் ஹோண்டுராஸுக்குப் போகிறார்களாம். மொத்தம் 9 நாள். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ஆளுக்கு 2,200 டாலர் திரட்ட வேண்டும். "மாமா, உங்க பங்கு எவ்வளவு?"

"நீ என்னைக்காவது கொத்துக்கரண்டி பிடிச்சிருக்கியாடா?"

"அங்க போனா சொல்லித் தருவாங்க மாமா."

இருபத்தைந்து வருடம் கட்டட சைட்டில் கிடந்தவன் நான். பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 18 பேர், தலைக்கு 2,200, ஏறக்குறைய 40,000 கனடா டாலர். அந்த ஊரில் அந்த வீட்டுக்குக் கல், சிமெண்ட், கம்பி, தகரம், கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். 19 வயதில் எனக்கும் தோன்றியிருக்காது.

இந்தக் கணக்கை எனக்கு முன்பே ஒருவர் போட்டிருக்கிறார். அதோடு விடாமல், கட்டப் போனவர்களையும் வீடு பெற்றவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்டு 2006ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் கர்ட் வெர் பீக், அமெரிக்காவின் கால்வின் கல்லூரியில் அப்போது சமூகவியல் பேராசிரியர். பல வருடங்களாக ஹோண்டுராஸிலேயே குடியிருப்பவர். வெளியூர்க்காரன் வந்து எட்டிப் பார்த்து எழுதிய கட்டுரை என்று அதைத் தள்ளிவிட முடியாது. வெளிநாட்டுக்குப் போய் வீடு கட்டும் பயணங்களைப் பற்றி யார் என்ன பேசினாலும் கடைசியில் இந்த ஹோண்டுராஸ் கதைக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

அந்த மழை

மிட்ச் என்ற சூறாவளி 1998 அக்டோபர் 22 அன்று கரீபியன் கடலில் உருவானது. நாலே நாளில் சூறாவளிகளில் உச்சமான ஐந்தாம் வகைக்கு ஏறி, காற்று மணிக்கு 285 கி.மீ. வேகத்தைத் தொட்டது. ஆனால் ஹோண்டுராஸை அழித்தது காற்று இல்லை. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் புயல் அப்படியே நின்றுவிட்டது. வேகம் தணிந்து, 29ஆம் தேதி கரையேறி, நடக்கத் தெம்பில்லாத கிழவன் மாதிரி மலைகளின்மேல் நகர்ந்துகொண்டே நாள்கணக்கில் மழையைக் கொட்டியது.

தலைநகர் தெகுசிகால்பாவில் எல் பெரிஞ்சே என்ற குன்று சரிந்து வந்து சொலுத்தேகா ஆற்றை அடைத்தது. சரிவில் இருந்த சோத்தோ என்ற குடியிருப்பு மண்ணோடு போயிற்று. சேதத்தைப் பார்க்க ஹெலிகாப்டரில் போன நகர மேயர் அது விழுந்து இறந்துபோனார். மத்திய அமெரிக்கா முழுவதும் 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் பாதிக்கு மேல் ஹோண்டுராஸில். 33,000 வீடுகள் தரைமட்டம், இன்னும் 50,000 வீடுகள் சேதம். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். ஐம்பது வருட வளர்ச்சி போய்விட்டது என்று குடியரசுத் தலைவர் கார்லோஸ் ஃப்ளோரஸ் சொன்னார். (ஆறு இடம் மாறிப்போய்ப் பாலம் மட்டும் தனியாக நின்றதே, மேலாண்மைப் பேச்சாளர்கள் வாட்ஸ்அப்பில் விடாமல் சுற்றவிடும் அந்தச் சொலுத்தேகா பாலம் நின்றதும் இதே மழையில்தான்.)

போன வீடுகள் எங்கே இருந்தன என்று பார்த்தால் மீதிக் கதை புரியும். ஆற்றங்கரை, மலைச்சரிவு. பட்டா இல்லாத நிலம். வேறு இடத்தில் நிலம் வாங்க வழியில்லாதவர்கள் போய் ஒண்டும் இடம் எந்த நாட்டிலும் அதுதான். அடையாற்றங்கரையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். அதனால் மிட்சுக்குப் பிறகு ஹோண்டுராஸில் முதல் கேள்வி வீட்டை யார் கட்டுவது என்பதே இல்லை. எந்த நிலத்தில் கட்டுவது, யார் பேரில் எழுதுவது என்பதுதான். தலைநகரிலிருந்து 30 கி.மீ. தள்ளி அமராத்தேகா பள்ளத்தாக்கில் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. ஸ்பெயின் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் ஒன்றைக் கட்டியது. அதற்குப் பெயரே சியுதாத் எஸ்பான்யா, அதாவது ஸ்பெயின் நகரம். வீடு கிடைத்தது சரி. ஊருக்குள் வேலை பார்த்தவன் அங்கிருந்து பஸ் பிடித்துத்தானே வர வேண்டும்?

ஒரு வீட்டுக்கு இரண்டு விலை

மயாமியிலிருந்து ஹோண்டுராஸுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம் போல. வட அமெரிக்கத் தேவாலயங்களிலிருந்தும் பள்ளி, கல்லூரிகளிலிருந்தும் குழுக்கள் வரத் தொடங்கின. இப்படிப்பட்ட பயணங்களுக்கு ஒரு வார்ப்பு உண்டு. சனிக்கிழமை வந்து இறங்குவது, ஞாயிறு வழிபாடு, திங்களிலிருந்து வெள்ளி வரை வேலை, ஒரு நாள் ஊர் சுற்றல், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட், கடைசி நாள் சாவி கொடுக்கும் நிகழ்ச்சி. கண்ணீர், கட்டிப்பிடித்தல், போட்டோ. கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் கண்ணீர் பெரும்பாலும் உண்மையானதுதான்.

வெர் பீக் எடுத்துக்கொண்ட நிகழ்வில் வசதியான ஒரு விஷயம் இருந்தது. ஒரே காலத்தில், ஒரே மாதிரியான குடும்பங்களுக்கு, சில வீடுகளை வட அமெரிக்கக் குழுக்கள் வந்து கட்டின. சில வீடுகளை உள்ளூர் ஹோண்டுராஸ் கிறிஸ்தவ அமைப்புகள் உள்ளூர் ஆட்களை வைத்துக் கட்டின. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வருடங்கள் கழித்துப் போய், வீடு பெற்றவர்களில் 78 பேரிடமும் கட்ட வந்தவர்களில் 127 பேரிடமும் கேட்டார்.

முதலில் விலை. உள்ளூர் ஆட்கள் கட்டினால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். குழு வந்து கட்டினால், விமானக் கட்டணம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்குச் சராசரியாக 30,000 டாலர். அதாவது ஒரு குழு வந்து ஒரு வீடு எழுப்பிய பணத்தில் 15 வீடுகள் எழும்பியிருக்கும். 14 குடும்பங்கள் தார்ப்பாய்க்குள்ளேயே இருந்தன என்று நான் இதை வாசித்தேன். அப்படி வாசிப்பது சரியா என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது, வீட்டுக்காரர்கள். வெளிநாட்டார் கை பட்ட வீட்டில் இருப்பவர்கள் வாழ்க்கை ஏதாவது விதத்தில் மாறியிருக்கிறதா? நம்பிக்கை, அக்கம்பக்க ஒட்டுறவு, குடும்பத்தின் நிலைமை? நீண்டகாலத்தில் வித்தியாசம் என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. வீடு வீடாக இருந்தது. கூரை ஒழுகாமல் இருந்தால் போதும். வேய்ந்தது மிச்சிகன்காரனா பக்கத்துத் தெரு ஆளா என்பது மழைக்குத் தெரியாது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல நாகப்பட்டினத்துக்கு வர வேண்டும்.

தூக்குக்குண்டு

2005ல், சுனாமி வீடுகள் கட்டும்போது நாகை பக்கம் ஒரு சைட்டில் இருந்தேன். ஒவ்வொன்றும் 325 சதுர அடி. அரசு குறித்த மதிப்பு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், அன்றைய கணக்கில் சுமார் 3,400 டாலர். பணம் போட்ட அமைப்பு ஒன்று ஒரு வாரத்துக்கு வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளை அனுப்பியிருந்தது. இருபது பேர் இருப்பார்கள். நல்ல பிள்ளைகள். வெயிலில் முகமெல்லாம் சிவந்துபோய், தண்ணீர் பாட்டிலும் கையுமாக, முதல் நாளே எங்கள் ஆட்களின் பெயரையெல்லாம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கு ஒரு பக்கச் சுவரை ஒதுக்கினோம். செங்கல்லை நனைத்து அடுக்க வேண்டும். இல்லையென்றால் காய்ந்த கல் கலவையின் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு சாந்து பிடிக்காது. சொன்னோம். இரண்டாவது தொட்டி வரை நனைத்தார்கள், அப்புறம் ஆர்வத்தில் மறந்துபோனது. கலவை போட்டு அரை மணிக்குள் தீர்க்க வேண்டும். இறுகிப்போனதில் தண்ணீர் ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது வரியில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் முக்கால் இஞ்ச் வெளியே சாய்ந்திருந்தது. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "விடுங்க சார். ஆசையா வந்திருக்காங்க. சாயங்காலம் பஸ்ஸு ஏறட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

பஸ் போனதும் ஹாலஜன் விளக்கைப் போட்டு ஏழு வரியையும் பிரித்தார்கள். கல்லில் ஒட்டிய சாந்தைச் சுரண்டி, தொட்டியில் ஊறப்போட்டு, ராத்திரி பத்தரை வரை திரும்பக் கட்டினார்கள். அடுத்த நாள் காலையில் ஒரு பெண் வந்து அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அதன் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரியையும் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அவரும் சிரித்தார்.

சுவரைச் சொல்லிவிட்டேன். நான் சுமந்துகொண்டிருப்பது வேறு. மண் அள்ளவும் கல் தூக்கவும் வழக்கமாக வரும் சித்தாள் பெண்கள் எட்டுப் பேர் அந்த வாரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வேலையைத்தானே இந்தப் பிள்ளைகள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் அவர்கள் வரவில்லை. அந்த நாட்களுக்குக் கூலி தர வேண்டும் என்று நான் கேட்டேன், வேலை செய்யாதவர்களுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது என்று பதில் வந்தது. அதற்குமேல் நான் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். அதில் இரண்டு பேருக்கு அந்தக் கடலிலேயே வீட்டுக்காரர் போயிருந்தார்.

புயலடித்த ஊரில் எல்லாவற்றுக்கும் பஞ்சம் இருக்கும், உழைக்கும் கைக்கு மட்டும் பஞ்சம் இருக்காது. ஹோண்டுராஸிலும் அதுதான் நிலை. வாழைத் தோட்டங்கள் தண்ணீரில் போய், கூலிக்காரர்கள் வேலையில்லாமல் நின்ற நாடு அது. அங்கே கொத்தனாரை அல்பான்யில் என்பார்கள். சிமெண்ட் பிளாக் சுவரும் தகரக் கூரையும் அவருக்கு அத்துப்படி. அவருக்குத் தேவைப்பட்டது பிளாக்கும் தகரமும் சம்பளமும்.

எதிர்வாதம்

வெர் பீக் சொன்னதை எல்லாரும் அப்படியே ஏற்கவில்லை. ராபர்ட் பிரீஸ்ட் என்ற மானுடவியலாளர் அவரோடு வெளிப்படையாகவே விவாதித்தார். அவர் தரப்பில் இரண்டு நியாயங்கள். முதலாவது, பயணத்துக்காகத் திரட்டிய பணம் பயணம் இல்லையென்றால் ஹோண்டுராஸுக்கு வந்திருக்காது. அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அந்தப் பையனின் முகத்துக்காகக் கொடுத்த பணம் அது. "போகவில்லை, அங்கே அனுப்பிவிடுகிறேன்" என்றால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? என்னிடம் கேட்ட மருமகனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் போகவில்லை என்றால் நான் ஹோண்டுராஸுக்குப் பணம் அனுப்பியிருப்பேனா? அந்த நாட்டைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டேன். ஆகவே 14 குடும்பங்கள் தார்ப்பாய்க்குள் இருந்தன என்று நான் மேலே எழுதியது கொஞ்சம் கறாரான கணக்கு. அந்தப் பணம் அவர்களுக்கு என்று எங்கும் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

இரண்டாவது, உறவு. வெளியாட்கள் வந்து போவதால் உள்ளூர் ஏழைச் சபைக்கோ அமைப்புக்கோ ஒரு செல்வாக்கு வருகிறது, மூடிய கதவுகள் சில திறக்கின்றன என்று பெருவில் பார்த்ததை வைத்து அவர் வாதிட்டார். இதையும் நான் ஒதுக்க மாட்டேன். எங்கள் சைட்டிலேயே, மூன்று மாதம் இழுத்தடித்த குடிதண்ணீர் இணைப்பு வெளிநாட்டுப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்றதும் நாலு நாளில் வந்தது.

இந்த இரண்டு நியாயங்களும் நிற்க வேண்டுமென்றால், பயணம் முடிந்த பிறகும் ஏதாவது தொடர வேண்டும். பணமோ உறவோ. அங்கேதான் வெர் பீக்கின் மூன்றாவது கேள்வி வருகிறது, எனக்கு அதுதான் கட்டுரையின் உயிர்.

நிமிர்ந்துகொண்ட கன்று

போனவர்களிடம் கேட்டார்: உங்கள் வாழ்க்கை மாறியதா? மாறியது என்றே பலர் சொன்னார்கள். அதிகம் ஜெபிக்கிறேன், அதிகம் கொடுக்கிறேன், ஏழைகளைப் பற்றி அதிகம் யோசிக்கிறேன். சரி என்று கேட்டுவிட்டு அவர் நிற்கவில்லை. கொடுக்கிறேன் என்கிறார்களே, அவர்களை அனுப்பிய அமைப்பின் கணக்குப் புத்தகத்தில் அது தெரிகிறதா என்று பார்த்தார். வாயால் சொன்ன அளவுக்குப் புத்தகத்தில் இல்லை. பெரும்பாலோர் அந்த அமைப்புக்கு நேரடியாக எதுவுமே அனுப்பியிருக்கவில்லை.

பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். நாம் எல்லோருமே ஜனவரியில் நடைப்பயிற்சி போகிறவர்கள்தான். வெர் பீக் இதற்கு ஒரு உவமை சொன்னார்: இளம் மரக்கன்றை வளைத்துப் பிடித்தால் வளைகிறது, விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது. வளைந்தபடி வளர வேண்டுமென்றால் பக்கத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, மாதக்கணக்கில் விட வேண்டும். அந்த ஒரு வாரம் கன்று வளைந்தது நிஜம். ஊர் திரும்பியதும் கயிறு கட்ட யாரும் இல்லை. பயணத்துக்கு முன்னால் ஆறு மாதம் பணம் திரட்டக் கூட்டம் போடுகிற குழுக்கள், திரும்பி வந்தபின் எத்தனை கூட்டம் போடுகின்றன? ஒன்று. படக்காட்சி.

வீடு எதைச் செய்தது

இதுவரை வாசித்துவிட்டு, அப்படியானால் வீடு கட்டித் தருவதே வீண் வேலை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வீடு வேலை செய்கிறது. கட்டுகிற கை யாருடையது என்பதுதான் பெரும்பாலும் வேலை செய்வதில்லை.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் உதாரணம் மெக்சிகோவின் கொவாவிலா மாநிலம். பிஸோ ஃபிர்மே, 'உறுதியான தரை' என்று 2000ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மண் தரை வீட்டுக்கு 50 சதுர மீட்டர் வரை சிமெண்ட் தரை, அவ்வளவுதான். லாரி தெருவுக்கு வந்து கலவையைக் கொட்டும். குடும்பம் அதற்குள் கட்டில், அலமாரி, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். கலவையை இழுத்துப் பரப்பி மட்டம் பிடிப்பதிலும் அவர்கள் கை இருக்கும். செலவு வீட்டுக்கு சுமார் 150 டாலர். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் திட்டம் உள்ள ஊரையும், அந்தப் பக்கம் இல்லாத ஊரையும் வைத்துப் பொருளியலாளர்கள் அளந்து பார்த்தார்கள். வீடு முழுவதும் மண் தரை போய் சிமெண்ட் தரை வந்தால், குழந்தைகளுக்கு வயிற்றுப் புழுத் தொற்று 78 சதவீதம் குறைகிறது, வயிற்றுப்போக்கு 49 சதவீதம், இரத்தசோகை 81 சதவீதம். தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. மகிமை அந்தச் சிமெண்ட் தரையில் இருந்தது. தவழும் குழந்தை மண்ணைத் தின்னவில்லை, அவ்வளவே.

சிலி நாட்டில் 1997ல் பிறந்து லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவிய டேச்சோ அமைப்பின் கதை இன்னொன்று. அங்கே பெரும்பாலும் உள்நாட்டுக் கல்லூரி மாணவர்களே தன்னார்வலர்கள். விமானம் ஏற வேண்டியதில்லை, ஊர் பஸ் போதும். 18 சதுர மீட்டரில் முன்னமே செய்துவைத்த பலகைகளைக் கொண்டுபோய் இரண்டே நாளில் முடுக்கி நிறுத்துகிறார்கள். ஆய்வு நடந்த காலத்தில் ஆயிரம் டாலருக்குள் முடிந்தது, அதில் பத்தில் ஒரு பங்கு குடும்பம் போட்டது. கழிப்பறை கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. எல் சால்வடோர், மெக்சிகோ, உருகுவே மூன்று நாடுகளிலும் குலுக்கல் முறையில் வீடு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தவர்கள் நிச்சயமாக மகிழ்ச்சியாக இருந்தார்கள்; இரண்டு நாடுகளில் குழந்தைகளின் உடல்நலமும் தேறியிருந்தது. வருமானத்திலும் வேலையிலும் மாற்றமில்லை. இன்னும் எட்டு மாதம் போனபிறகு பார்த்தால் அந்த மகிழ்ச்சிக் கூடுதலில் 60 சதவீதம் கரைந்திருந்தது. நம் ஊரில் கிரகப்பிரவேசம் முடிந்த எட்டாவது மாதம் எப்படி இருக்கும் என்று யோசித்தால் இதில் வியப்பில்லை. அதற்காகக் குழந்தையின் வயிறு திரும்பக் கெடுவதில்லை.

ஹேபிட்டாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீடு கட்டும் தொண்டு அமைப்பு இன்னொரு வழியைப் பிடித்தது. மில்லர்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற ஊரில் தொடங்கியது. வீடு இலவசம் இல்லை, வட்டியில்லாத கடன். குடும்பமும் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும். திரும்பக் கட்டும் தவணையில் அடுத்த வீடு எழும்பும். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984லிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் இதற்குச் சுத்தியலோடு போனார். 2006ல் லோனாவலா பக்கம் 100 வீடுகள் கட்டிய பயணத்துக்கும் வந்திருந்தார். கார்ட்டர் மரவேலை நன்றாகத் தெரிந்தவர் என்பதைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் அவர் பக்கத்தில் சித்தாள் வேலை பார்த்தார்கள். சித்தாள் வேலை மட்டமில்லை. வேலை தெரியாதவன் பார்க்க வேண்டிய முதல் வேலை அதுதான்.

திரும்ப ஹோண்டுராஸுக்கு. சொலுத்தேகா நகரத்தில் வீடிழந்தவர்களுக்காக அடுத்தடுத்து இரண்டு குடியிருப்புகள் வந்தன: லிமோன் தெ லா செர்க்கா, மார்செலினோ சாம்பக்னாத். ஒரே புயல், ஒரே ஊர் மக்கள், அடுத்தடுத்த நிலம். மானுடவியலாளர் ராபர்ட்டோ பாரியோஸ் இரண்டையும் வருடக்கணக்கில் போய்ப் பார்த்தவர். முதல் குடியிருப்பு வன்முறையிலும் குழு மோதலிலும் தடுமாறியது. இரண்டாவது நன்றாகத் தலையெடுத்தது. அங்கே வீடிழந்தவர்களே கூடித் தங்கள் தலைவர்களைத் தேர்ந்து, மனை அளவிலிருந்து எல்லாவற்றுக்கும் உதவி அமைப்புகளோடு வாதாடினார்கள். சாமான் கொடுங்கள், முடிவை எங்களிடம் விடுங்கள் என்ற தொனி. எந்த அமைப்பு வந்தது, எத்தனை தன்னார்வலர் வந்தார்கள் என்பதைவிட, யார் பேச்சு எடுபட்டது என்பதில் அந்த இரண்டு ஊர்களின் விதி பிரிந்தது.

மருமகனுக்கு

நாலு நாள் கழித்து அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். ஆய்வையெல்லாம் அவன்மேல் கொட்டவில்லை. அக்காவும் போனில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், தன் மகன் ஏதோ நல்ல காரியம் செய்யப்போகிறான் என்ற பூரிப்பில் இருந்தாள். மூன்று கேள்வி மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னேன். சைட்டில் உள்ளூர்க் கொத்தனார் எத்தனை பேர், நீங்கள் வரும் வாரத்தில் அவர்களுக்கும் உதவியாட்களுக்கும் முழுக்கூலி உண்டா? நிலப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது? மூன்று வருடம் முன்பு இதே குழு கட்டிய வீட்டில் இன்று யார் இருக்கிறார்கள், கூரை எப்படி இருக்கிறது?

"இதெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாங்களா மாமா?"

"நினைச்சா நினைச்சுக்கட்டும்டா. உன் காசு, என் காசு."

கேட்டிருக்கிறான். ஒரு வாரத்தில் பதில் அனுப்பினான். கொத்தனார் இரண்டு பேர், உதவியாட்கள் மூன்று பேர், ஐவருக்கும் வாரக்கூலி குழுவின் கணக்கிலிருந்தே போகிறது. பத்திரம் வீட்டுக்கார அம்மாள் பேரில், படம்கூட அனுப்பியிருந்தான். அந்த மட்டுக்கு அவர்கள் ஒழுங்காகத்தான் நடத்துகிறார்கள், என் சந்தேகம் கொஞ்சம் தணிந்தது. நான் 300 டாலர் அனுப்பினேன், அதில் 200 அந்த ஐந்து பேருக்கான கூலிக்கு என்று எழுதி. அக்காவுக்கு அந்தக் கணக்குப் பிரிப்பு பிடிக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு, "குழுத் தலைவருக்கே தெரியல மாமா, போனதும் நானே அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று எழுதியிருந்தான். டிசம்பர் 14 அன்று விமானம். சட்டையில் தூக்குக்குண்டு ஒன்றை முடிந்துகொண்டு போ என்றேன். அது என்ன என்று கேட்டான், படம் அனுப்பியிருக்கிறேன்.